எஸ்விசிஹோஸ்ட், எல்சாஸ், ரன்டிஎல்எல்32… இணையம் கேட்கும் சிஸ்டம் கோப்புகளை விடலாமா?

#1 வழிப்போக்கன்

விண்டோஸ் 11 ஹோம், ரேம் 8 ஜிபி. சிம்பிள்வால் என்ற ஃபயர்வால் (இணைய இணைப்புகளை வடிகட்டும் நிரல்) போட்டு, நான் அனுமதிக்காத எதுவும் வெளியே போகக்கூடாது என்று வைத்திருக்கிறேன். அரை மணி நேரத்தில் அனுமதி கேட்டவை: எஸ்விசிஹோஸ்ட் (திரும்பத் திரும்ப), எல்சாஸ், டிஎல்எல்ஹோஸ்ட், ரன்டிஎல்எல்32, எஸ்பிபிஎக்ஸ்ட்காம்ஆப்ஜ், அப்புறம் வெறும் "சிஸ்டம்". எல்லாம் விண்டோஸோடு வந்த பெயர்கள்தான். எஸ்விசிஹோஸ்ட்டை மறுத்தால் இணையப் பக்கம் எதுவும் திறப்பதில்லை. டாஸ்க் மேனேஜரில் அது மட்டும் எழுபதுக்கு மேல் ஓடுகிறது. எதை விடுவது, எதை அடைப்பது?

#2 கம்பிவலை

எழுபது என்பது பயப்படுகிற எண்ணிக்கை இல்லை. விண்டோஸ் சர்வீஸ்களில் (பின்னணியில் ஓடும் வேலைகள்) பெரும்பாலானவை டிஎல்எல் கோப்புகள், அதாவது வேறு நிரல் எடுத்து ஓட்டும் நிரல்துண்டுகள். டிஎல்எல் தானாக ஓடாது, அதைச் சுமந்து ஓட ஓர் எக்ஸி (தானே ஓடக்கூடிய நிரல்கோப்பு) வேண்டும். அந்தச் சுமைதூக்கிதான் எஸ்விசிஹோஸ்ட். முன்பெல்லாம் ஒரே எஸ்விசிஹோஸ்ட்டுக்குள் பத்துப் பதினைந்து சர்வீஸ்கள் கூட்டுக்குடித்தனம் நடத்தும். 2017இல் வந்த விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து, ரேம் 3.5 ஜிபிக்கு மேல் இருந்தால் பெரும்பாலான சர்வீஸ்களுக்குத் தனிக்குடித்தனம். ஒன்று விழுந்தால் மற்றவை விழாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

அதனால் "எஸ்விசிஹோஸ்ட்டை விடலாமா" என்ற கேள்விக்கே பதில் கிடையாது. அது யாருக்காகக் கேட்கிறது என்பதுதான் கேள்வி. டாஸ்க் மேனேஜரில் டீட்டெய்ல்ஸ் பக்கம் போங்கள். ஃபயர்வால் காட்டிய பிஐடி (ஓடும் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் விண்டோஸ் தரும் அடையாள எண்) உள்ள வரியில் வலது கிளிக் செய்து "கோ டு சர்வீஸஸ்" கொடுத்தால், அதற்குள் இருக்கும் சர்வீஸின் பெயர் நீல நிறத்தில் நிற்கும்.

வழக்கமாக வெளியே போகிறவர்கள் இவர்கள்தான் (டிசிபி, யுடிபி என்பவை தகவல் அனுப்பும் இரு முறைகள், பின்னால் வருவது போர்ட் எனப்படும் வாசல் எண்):

டிஎன்எஸ் கிளையண்ட்: யுடிபி 53. கணினியில் உள்ள அநேக நிரல்களுக்கும் இணைய முகவரியை எண்ணாக்கித் தருவது இது. இதை அடைத்ததால்தான் உங்களுக்குப் பக்கம் திறக்கவில்லை. பிரவுசரில் "செக்யூர் டிஎன்எஸ்" போட்டிருந்தால் பிரவுசர் மட்டும் தப்பிக்கலாம், மற்றதெல்லாம் நிற்கும்.

டிஹெச்சிபி கிளையண்ட்: யுடிபி 67, 68. ரவுட்டரிடம் ஐபி வாங்குவது. அடைத்தால் உடனே ஒன்றும் தெரியாது. குத்தகைக் காலம் முடிந்ததும் 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியோடு கணினி முழிக்கும்.

விண்டோஸ் டைம்: யுடிபி 123. விண்டோஸ் அப்டேட், பிட்ஸ் (பின்னணியில் கோப்பு இறக்கும் சர்வீஸ்): டிசிபி 80, 443. டெலிவரி ஆப்டிமைசேஷன் (அப்டேட்களைப் பிற கணினிகளோடு பகிர்வது): டிசிபி 7680, அதோடு 443. கிரிப்டோகிராஃபிக் சர்வீஸ்: பெரும்பாலும் 80, சான்றிதழ்ப் பட்டியல்களை இறக்க.

இவை தவிர வேறு போர்ட்டில் எஸ்விசிஹோஸ்ட் வெளி முகவரிக்குப் போனால் நின்று விசாரியுங்கள்.

#3 பூட்டுச்சாவி

கம்பிவலை சொன்னது உண்மையான எஸ்விசிஹோஸ்ட்டுக்குப் பொருந்தும். பெயரை மட்டும் வைத்து அது உண்மையானதுதான் என்று சொல்லிவிட முடியாது. பார்க்க வேண்டியவை நான்கு.

ஒன்று, இருப்பிடம். விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32இல் இருக்க வேண்டும். 64 பிட் விண்டோஸில் சிஸ்வாவ்64 கோப்புறையிலும் ஒரு 32 பிட் பிரதி இருக்கும், அதுவும் முறையானதே. நேராக விண்டோஸ் கோப்புறையிலோ, ஆப்டேட்டாவிலோ, டெம்ப்பிலோ, புரோகிராம்டேட்டாவிலோ அதே பெயரில் இருந்து ஓடினால் போலி.

எழுத்தையும் உற்றுப் பாருங்கள். எஸ்விசி என்பது எஸ்சிவி என்று மாறியிருக்கும், இல்லையென்றால் ஆங்கில ஓ இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் இருக்கும். எல்சாஸில் இன்னும் தந்திரம்: முதலில் வர வேண்டிய சின்ன எல்லுக்குப் பதில் பெரிய ஐ. டாஸ்க் மேனேஜரின் எழுத்துருவில் இரண்டும் ஒன்றுபோல ஒரு கோடுதான். பெயரை நோட்பேடில் ஒட்டி, சின்ன எழுத்துக்கும் பெரிய எழுத்துக்கும் வேறுபாடு காட்டும் கூரியர் போன்ற எழுத்துருவுக்கு மாற்றினால் குட்டு வெளிப்படும்.

இரண்டு, பெற்றோர். எஸ்விசிஹோஸ்ட்டைக் கிளப்புவது சர்வீசஸ் என்ற எக்ஸி. அதையும் எல்சாஸையும் கிளப்புவது வின்இனிட். வேர்டோ எக்செலோ பிரவுசரோ கிளப்பிய எஸ்விசிஹோஸ்ட் என்றால் அதற்கு மேல் ஆராய்ச்சியே வேண்டாம். இதைப் பார்க்க டாஸ்க் மேனேஜர் போதாது, மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இருக்கும் ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் வேண்டும். இலவசம், நிறுவத் தேவையில்லை. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறவுங்கள், இல்லாவிட்டால் பாதித் தகவல் வெற்றிடமாக நிற்கும்.

மூன்று, கட்டளை வரி. உண்மையான எஸ்விசிஹோஸ்ட்டுக்குப் பின்னால் எப்போதும் கே என்ற குறியும் ஒரு குழுப் பெயரும் வரும்: நெட்எஸ்விசிஎஸ், லோக்கல்சர்வீஸ், நெட்வொர்க்சர்வீஸ் மாதிரி. மொட்டையாக ஓடினால் சந்தேகம். டாஸ்க் மேனேஜர் டீட்டெய்ல்ஸ் தலைப்புப் பட்டையில் வலது கிளிக், செலக்ட் காலம்ஸ், கமாண்ட் லைன்.

நான்கு, கையொப்பம். ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரில் ஆப்ஷன்ஸ் மெனுவில் "வெரிஃபை இமேஜ் சிக்னேச்சர்ஸ்". இங்கே பலர் வழுக்கி விழுவார்கள். கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில் "டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்" பக்கம் இல்லை என்றதும் போலி என்று முடிவு கட்டிவிடுவார்கள். விண்டோஸ் கோப்புகளில் பலவற்றுக்குக் கையொப்பம் கோப்புக்குள் இருக்காது, கேட்ரூட் கோப்புறையில் தனிப் பட்டியலாக இருக்கும். நோட்பேடுக்கே வெகுகாலம் அப்படித்தான். ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரும் அதே தொகுப்பின் சிக்செக்கும் அந்தப் பட்டியலையும் பார்த்துச் சொல்லும்.

#4 நெய்தல்

இவ்வளவு ஆராய்ச்சி எதுக்குங்க? மைக்ரோசாஃப்ட் பெயர் போட்டு வெளியே போறது எல்லாமே டெலிமெட்ரி, நாம என்ன பண்றோம்னு அவங்களுக்கு அனுப்புறது. மொத்தமா அடைச்சுட்டு, பிரவுசரை மட்டும் விடுங்க. நிம்மதி.

#5 கம்பிவலை

@நெய்தல், டெலிமெட்ரியைக் குறைக்க வேண்டும் என்றால் அதற்குத் தனி சர்வீஸ் இருக்கிறது, டயாக்ட்ராக் என்று பெயர். அதை நிறுத்துங்கள், இல்லை அதை மட்டும் ஃபயர்வாலில் அடையுங்கள். மொத்தமாக அடைத்தால் என்னென்ன ஆகும் என்று வரிசையாகப் பார்க்கலாம்.

கடிகாரம் சரிபார்ப்பு நிற்கும். மதர்போர்டு பேட்டரி பலவீனமான கணினியில் தேதி பின்னுக்குப் போகும். தேதி தவறினால் எந்த ஹெச்டிடிபிஎஸ் தளத்தின் சான்றிதழும் செல்லாது என்று பிரவுசர் மறுக்கும். பேங்க் தளம் திறக்கவில்லை என்று வருகிறவர்களுக்கு ஃபயர்வால் மேல் சந்தேகமே வராது.

டாஸ்க்பாரில் உலக உருண்டை வந்து "நோ இன்டர்நெட்" என்று நிற்கும், இணையம் இருந்தாலும். விண்டோஸ் தன் இணைப்பைச் சோதிக்க எம்எஸ்எஃப்டிகனெக்ட்டெஸ்ட் என்ற தளத்தில் இருக்கும் சின்ன உரைக்கோப்பை 80ஆம் போர்ட்டில் எடுத்துப் பார்க்கும். அதை அடைத்துவிட்டால் இணையமே இல்லை என்று நினைத்துக்கொள்ளும். அதை நம்பி ஸ்டோரும் ஆஃபீஸும் உள்நுழைய மறுக்கும்.

எல்லாவற்றிலும் மோசம், பாதுகாப்பு அப்டேட் நிற்பது. 2008இல் கான்ஃபிக்கர் என்ற புழு (தானாகப் பரவும் தீநிரல்) பரவ வழிவிட்ட ஓட்டைக்கு எம்எஸ்08-067 என்ற அப்டேட் அந்த அக்டோபரிலேயே வந்துவிட்டது. புழு வந்தது நவம்பரில். அப்டேட் போடாத கணினிகள்தான் முதலில் மாட்டின.

#6 பூட்டுச்சாவி

கான்ஃபிக்கர் பேச்சு வந்ததும் நல்லது. மேலே சொன்ன நான்கு சோதனையிலும் அது தேறிவிடும்! ஓடுவது அசல் எஸ்விசிஹோஸ்ட், இடம் சிஸ்டம்32, பெற்றோர் சர்வீசஸ், குழு நெட்எஸ்விசிஎஸ், கையொப்பம் மைக்ரோசாஃப்ட். சுமைதூக்கி யோக்கியன், தலையில் இருந்த மூட்டைதான் திருட்டுச் சரக்கு. தன் டிஎல்எல்லை ஒரு சர்வீஸாகப் பதிவு செய்து உள்ளே ஏறிக்கொண்டது.

ஆகவே ஐந்தாவது சோதனை: சந்தேகப்படும் சர்வீஸின் டிஎல்எல் எது? ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் (விண்டோஸின் உள் அமைப்புகளைத் திறந்து காட்டும் கருவி) ஹெச்கே லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட்கன்ட்ரோல்செட், சர்வீசஸ், அதற்குள் சர்வீஸின் பெயர், அதற்குள் பாராமீட்டர்ஸ். அங்கே "சர்வீஸ்டிஎல்எல்" என்ற மதிப்பில் கோப்பின் முழுப் பாதை இருக்கும். மைக்ரோசாஃப்ட் சர்வீஸ் என்றால் பெரும்பாலும் சிஸ்டம்32 பாதைதான். டிஃபென்டர் போன்ற சில விலக்குகள் உண்டு. பெயரே புரியாத எட்டெழுத்துக் குப்பை, கையொப்பம் இல்லாத டிஎல்எல், இரண்டும் சேர்ந்தால் ஆள் அதுதான்.

ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கத் தயங்குகிறவர்கள், தானாகத் தொடங்குகிறவற்றைப் பட்டியலிடும் சிஸ்இன்டர்னல்ஸின் ஆட்டோரன்ஸைத் திறந்து சர்வீசஸ் பக்கம் பாருங்கள். அதே விவரத்தைக் கையொப்பத்தோடு காட்டும்.

#7 வடக்குவாசல்

குறுக்கே ஒரு திருத்தம். இங்கே பேசுவது வெளியே போகும் இணைப்பு. விண்டோஸின் சொந்த ஃபயர்வால் முன்னிருப்பாக வெளியே போகும் எதையும் கேட்பதே இல்லை, விட்டுவிடும். "இந்த நிரலின் சில அம்சங்களைத் தடுத்திருக்கிறோம்" என்று அது காட்டும் பெட்டி உள்ளே வரும் இணைப்புக்கானது. அதாவது அந்த நிரல் ஏதோ ஒரு போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது.

அந்தப் பெட்டியில் கேன்சல் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கேன்சல் கொடுத்ததும் அந்த நிரலுக்கு டிசிபி, யுடிபி இரண்டுக்கும் தடை விதி எழுதப்பட்டுவிடும். பிறகு அதே நிரல் நெட்வொர்க்கில் வேலை செய்யவில்லை என்றால் டபிள்யூஎஃப்.எம்எஸ்சி (ஃபயர்வாலின் விரிவான அமைப்புப் பக்கம்) திறந்து, இன்பவுண்ட் ரூல்ஸில் சிவப்பு வட்டம் போட்ட அந்த வரியை நீக்க வேண்டும். புதிதாக அனுமதி விதி சேர்த்துப் பயனில்லை. தடையும் அனுமதியும் மோதினால் தடைதான் ஜெயிக்கும்.

#8 வழிப்போக்கன்

நன்றி. பார்த்துவிட்டேன். எஸ்விசிஹோஸ்ட் எல்லாம் சிஸ்டம்32, குழுப் பெயர் இருக்கிறது, கையொப்பம் சரி. மற்றவை:

டிஎல்எல்ஹோஸ்ட்: சிஸ்டம்32. பின்னால் ப்ராசஸ்ஐடி என்று போட்டு அடைப்புக்குறிக்குள் நீளமான எண். போக முயன்றது 443.

எல்சாஸ்: ஒன்றே ஒன்றுதான் ஓடுகிறது. 80.

எஸ்பிபிஎக்ஸ்ட்காம்ஆப்ஜ்: சிஸ்டம்32. போர்ட் 1688, முன்பின் தெரியாத ஒரு வெளி முகவரி.

ரன்டிஎல்எல்32: சிஸ்டம்32, கையொப்பம் மைக்ரோசாஃப்ட். கட்டளை வரியில் ஆப்டேட்டா, ரோமிங், அர்த்தமில்லாத ஒரு கோப்புறைப் பெயர், அதற்குள் டிஏடி என்று முடியும் கோப்பு, ஒரு காற்புள்ளி, ஒரு சொல். பெற்றோர் எஸ்விசிஹோஸ்ட், அதற்குள் ஷெட்யூல் சர்வீஸ். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 443. முகவரி 20 என்று தொடங்குகிறது. தேடினால் மைக்ரோசாஃப்ட் என்று வருகிறது, அதனால் விட்டுவிடலாமா?

#9 பூட்டுச்சாவி

விடாதீர்கள். ரன்டிஎல்எல்32தான் அவசரம்: முதலில் இணைய கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். மற்றது பிறகு.

எந்த டிஎல்எல்லையும் ஓட்டித் தரும் ரன்டிஎல்எல்32 ஒரு வாடகை ஆட்டோ. யார் ஏறினாலும் ஓட்டும். வண்டிக்கு உரிமம் சரியாக இருக்கிறது என்பதால் பயணி நல்லவன் ஆகிவிட மாட்டான். டிஎல்எல் ஒன்று டிஏடி என்று வேறு வால் ஒட்டிக்கொண்டு, எழுத அட்மின் அனுமதி தேவைப்படாத ஆப்டேட்டா ரோமிங்கில் உட்கார்ந்துகொண்டு, டாஸ்க் ஷெட்யூலர் மூலம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து வெளியே பேசுகிறது. நல்ல மென்பொருள் எதற்கும் இந்த நான்கும் சேர்ந்து தேவைப்படாது.

20, 40, 52 என்று தொடங்கும் முகவரிகளில் பல அஷூர் மேகக் கணிமைக்கு உரியவை. அஷூரில் யார் வேண்டுமானாலும் பணம் கட்டி சர்வர் எடுக்கலாம். இடத்தின் சொந்தக்காரர் மைக்ரோசாஃப்ட், குடியிருப்பவர் யாரென்று அந்த எண் சொல்லாது.

செய்ய வேண்டிய வரிசை முக்கியம்:

1. இணைப்பு துண்டித்த நிலையில் பவர்ஷெல் திறந்து, கெட்-ஃபைல்ஹேஷ் கட்டளைக்குப் பின்னால் அந்த டிஏடி கோப்பின் பாதையைக் கொடுங்கள். 64 எழுத்துகள் கொண்ட ஷா256 ஹேஷ் (கோப்பின் கைரேகை மாதிரி) வரும். அதை எழுதி, கைப்பேசியில் வைரஸ்டோட்டல் (பல ஆன்டிவைரஸ் என்ஜின்களின் முடிவை ஒன்றாகக் காட்டும் தளம்) தேடலில் போடுங்கள். கோப்பை ஏற்ற வேண்டாம், ஹேஷ் போதும். எழுபது சொச்சம் என்ஜின்களில் ஒன்றிரண்டு மட்டும் கத்தினால் தவறான எச்சரிக்கையாக இருக்கலாம். இருபது கத்தினால் பேச்சில்லை. "இதுவரை பார்த்ததில்லை" என்று வந்தாலும் நிம்மதி வேண்டாம், ஆளுக்கு ஒரு பிரதி தயாரிக்கும் தீநிரல்கள் உண்டு.

2. டாஸ்க் ஷெட்யூலரில் அந்த வேலையைத் தேடி டிஸேபிள் செய்யுங்கள். அழிக்கும் முன் எக்ஸ்போர்ட் செய்து வைத்தால் எப்போது நுழைந்தது என்று தேதி தெரியும். ஆட்டோரன்ஸில் தேடுவதாக இருந்தால் "ஹைட் மைக்ரோசாஃப்ட் என்ட்ரீஸ்" டிக்கை எடுத்துவிட்டும் ஒருமுறை பாருங்கள். ஓட்டுவது மைக்ரோசாஃப்ட் கோப்பு என்பதால் இந்த வரி கண்ணில் படாமல் போகலாம்.

3. ரன்டிஎல்எல்32 கோப்பையே அழிக்கப் போகாதீர்கள். நிறுத்த வேண்டியது ஓடிக்கொண்டிருக்கும் அந்த ஒரு ப்ராசஸை.

4. விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன், ஸ்கேன் ஆப்ஷன்ஸ், மைக்ரோசாஃப்ட் டிஃபென்டர் ஆஃப்லைன் ஸ்கேன். கணினி மறுதொடக்கமாகி விண்டோஸ் எழுவதற்கு முன்பே தேடும். சுமார் 15 நிமிடம். வைரஸ் அண்ட் த்ரெட் பக்கத்தில் மேனேஜ் செட்டிங்ஸுக்குள், தேடாமல் விடச் சொன்ன இடங்களின் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலையும் திறந்து பாருங்கள். நீங்கள் போடாத விலக்கு ஏதாவது இருந்தால் எடுத்துவிடுங்கள்.

5. பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள், எல்லா இடங்களிலும் லாக்அவுட் கொடுங்கள். பிரவுசர் குக்கீயைத் திருடியவருக்குப் பாஸ்வேர்டு தேவையே இல்லை. அந்தக் கணினியில் பேங்க் வேலை நடந்திருந்தால், யுஎஸ்பி வழியாக விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் என் ஆலோசனை.

#10 கம்பிவலை

1688ஐ யாரும் கவனிக்கவில்லையே. அது கேஎம்எஸ் போர்ட். பெரிய நிறுவனங்கள் தங்கள் கணினிகளின் விண்டோஸ் உரிமத்தை உள்ளேயே ஒரு சர்வரில் சரிபார்க்கும் முறை. எஸ்பிபிஎக்ஸ்ட்காம்ஆப்ஜ் அசல் கோப்புதான், அதன் வேலையே அந்த சர்வரைத் தேடுவது. ஆனால் வீட்டுக்கு வாங்கிய ஹோம் பதிப்பு முன்பின் தெரியாத கேஎம்எஸ் சர்வரைத் தேடினால், கடையில் விண்டோஸ் போட்டவர் ஆக்டிவேட்டர் (உரிமம் வாங்காமலே வாங்கியது போலக் காட்டும் நிரல்) எதையோ ஓட்டியிருக்கிறார்.

உறுதி செய்ய: கமாண்ட் பிராம்ப்ட்டில் எஸ்எல்எம்ஜிஆர் எழுதி, சாய்கோடு, டிஎல்வி. வரும் பெட்டியில் கேஎம்எஸ் மெஷின் பெயர் இருந்தால் கதை தெளிவு. கேஎம்எஸ் உரிமம் 180 நாள்தான் செல்லும், 7 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க முயலும். அதனால்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

இதற்கும் ரன்டிஎல்எல்32க்கும் தொடர்பு இருக்கவும் கூடும். இந்த ஆக்டிவேட்டர்களை ஓட்டும் முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். அணைத்த நேரத்தில் என்னென்ன உள்ளே வந்தது என்று யாருக்கும் தெரியாது.

மற்ற மூன்றும் சுலபம். டிஎல்எல்ஹோஸ்ட் என்பது காம் சரொகேட், பிற நிரல்களுக்காக டிஎல்எல்களைத் தனியே சுமக்கும் இன்னொரு சுமைதூக்கி. அந்த நீளமான எண்ணை ரெஜிஸ்ட்ரியில் ஆப்ஐடி, சிஎல்எஸ்ஐடி என்ற கிளைகளில் தேடினால் யாருக்காக ஓடுகிறது என்று தெரியும். பெரும்பாலும் படங்களுக்குச் சிறுவுருவம் காட்டுவது போன்ற வேலை, இணையம் தேவையில்லை, அடைக்கலாம். அந்த எண்ணே இல்லாமல் டிஎல்எல்ஹோஸ்ட் இணையம் கேட்டால் தீவிரமாக எடுத்துக்கொள்ளுங்கள். உள்நுழைவைச் சரிபார்க்கும் எல்சாஸுக்கு அலுவலக டொமைனில் 88, 389 போர்ட்கள் வேண்டும். வீட்டில் சான்றிதழ் சரிபார்க்க எப்போதாவது 80 கேட்கும், மறுத்தாலும் அன்றாட வேலை கெடாது. சிஸ்டம் என்பதன் பிஐடி எப்போதும் 4, அதுதான் விண்டோஸின் மையமான கெர்னல். கோப்புப் பகிர்வுக்கு 445, 137 முதல் 139 வரை. இவை வீட்டு நெட்வொர்க்குக்குள் மட்டும் இருக்கட்டும், வெளி முகவரிக்கு ஒருபோதும் வேண்டாம்.

#11 நெய்தல்

சரி, ஒத்துக்கறேன், மொத்த அடைப்பு தப்பு. ஆனா ஃபோன் ஹாட்ஸ்பாட்ல ஒரு நாளைக்கு 1.5 ஜிபி வெச்சுக்கிட்டு ஓட்டுறவங்களுக்கு எஸ்விசிஹோஸ்ட் காலையிலேயே எல்லாத்தையும் குடிச்சுடுதே?

#12 வடக்குவாசல்

அதற்கு ஃபயர்வாலே வேண்டாம். செட்டிங்ஸில் நெட்வொர்க், வைஃபை, அந்த ஹாட்ஸ்பாட்டின் ப்ராப்பர்ட்டீஸ், "மீட்டர்ட் கனெக்‌ஷன்" ஆன். பெரும்பாலான அப்டேட்கள் அந்த இணைப்பில் தானாக இறங்காது. பிறகு விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், டெலிவரி ஆப்டிமைசேஷன். அங்கே "இணையத்தில் உள்ள பிற கணினிகள்" என்று தேர்வாகி இருந்தால், இறக்கிய அப்டேட்டை ஊராருக்கு உங்கள் டேட்டாவில் பந்தி பரிமாறும். அணைத்துவிடுங்கள். யார் குடிக்கிறார் என்று நேரில் பார்க்க ரிசோர்ஸ் மானிட்டரில் நெட்வொர்க் பக்கம் போதும்.

#13 கம்பிவலை

இன்னொன்று. அறியாத கோப்பின் பெயரைக் கூகுளில் போட்டால் முதலில் வரும் தளங்களில் பல "இது ஆபத்து, எங்கள் கிளீனரை இறக்குங்கள்" வகை. 2002இல் ஜேடிபிஜிஎம்ஜிஆர் என்ற கோப்பு வைரஸ் என்று மின்னஞ்சல் சுற்றியது. கரடி பொம்மை ஐகான் இருந்தால் உடனே அழியுங்கள், எல்லாருக்கும் சொல்லுங்கள் என்று. அது மைக்ரோசாஃப்டின் ஜாவா பிழைதிருத்தி, ஐகானே கரடிதான். உலகம் முழுக்க நல்ல கோப்பைக் கையாலேயே அழித்தார்கள். ஏற்கெனவே ஏதாவது சிஸ்டம் கோப்பை அழித்தவர்கள், அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில் எஸ்எஃப்சி, சாய்கோடு, ஸ்கேன்நவ் கொடுங்கள், கெட்டுப்போன சிஸ்டம் கோப்புகளைச் சரிசெய்யும். அது முடியாமல் திணறினால் முதலில் டிஸ்ம் ரீஸ்டோர்ஹெல்த், பிறகு மறுபடி எஸ்எஃப்சி.

#14 வழிப்போக்கன்

வைரஸ்டோட்டலில் 41 என்ஜின் சிவப்பு. டாஸ்க் டிஸேபிள் செய்து, ஆஃப்லைன் ஸ்கேனும் முடிந்தது. எக்ஸ்க்ளூஷன்ஸில் ரோமிங் கோப்புறை முழுவதும் இருந்தது! எடுத்துவிட்டேன். கேஎம்எஸ் பெயரும் இருக்கிறது, ஆக விண்டோஸையே புதிதாகப் போடப்போகிறேன். ஒரு சந்தேகம் பாக்கி: எஸ்விசிஹோஸ்ட் 239.255.255.250க்கு 1900ஆம் போர்ட்டில் அடிக்கடி போகிறதே?

#15 பூட்டுச்சாவி

அது எஸ்எஸ்டிபி. வீட்டுக்குள் இருக்கும் டிவி, ரவுட்டர், பிரிண்டரைக் கூவிக் கூப்பிடும் முகவரி, வீட்டைத் தாண்டாது. டிவிக்குப் படம் அனுப்பும் பழக்கம் இல்லையென்றால் அடைத்துவிடுங்கள். புதிய விண்டோஸுக்கு மாறும்போது ரோமிங் கோப்புறையை அப்படியே பேக்கப் எடுத்துத் திரும்பப் போட்டுவிடாதீர்கள். ஆவணம், படம் மட்டும்.